முன்வரிசை நாற்றுகள்

மனிதகுலம் முழுவதற்கும் ஓர் அறிவிப்பு. இனி கோதுமையைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. பூமி எவ்வளவு சுட்டாலும் வாடாத, வதங்காத, பூக்கும்போதே மலடாகாத கோதுமை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அது பிறந்த இடம் பஞ்சாபும் இல்லை, ஹரியானாவும் இல்லை. வேலப்பன்சாவடியிலிருந்து நூம்பலுக்குப் போகும் ரோட்டில், லாரி டயருக்கு ஒட்டுப் போடும் கடைக்குப் பின்னால், ஒரு தகரக் கேட்டுக்கு உள்ளே.

இது எங்கள் டைரக்டர் விழா அழைப்பிதழில் போட்ட வாசகம். டயர் கடையை மட்டும் நான் சேர்த்தேன்.

நிதானமாக முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள், மேடம். சொல்கிறேன். டீ நன்றாக இருந்தது. இஞ்சி தட்டிப் போட்ட டீயை ஒரு போலீஸ் ஸ்டேஷனில் நான் எதிர்பார்க்கவில்லை.

பெயர் வீரராகவன். வயது ஐம்பத்திரண்டு. முகப்பேரில் ஹவுசிங் போர்டு பிளாட். தொழில், விஞ்ஞானி. செடியின் எந்த மரபணு அதற்கு எந்தக் குணத்தைக் கொடுக்கிறது என்று தேடுகிற விஞ்ஞானி. எங்களிடம் வேலை செய்த வேம்புலியம்மாள் போன மாதம் இறந்துபோனது உங்களுக்குத் தெரியும். சூடு தாக்கி இறந்தாள் என்று உங்கள் ஃபைலில் இருக்கிறது. அதில் தப்பில்லை. ஆனால் அது பாதிதான். மீதியைச் சொல்லத்தான் யாரும் கூப்பிடாமல் வந்திருக்கிறேன்.

எங்கள் இடத்தின் பெயர் உலகளாவிய வெப்பத்தாங்குதிறன் தானிய உயராய்வு நடுவம். பெயர் ஒரு வரியில் அடங்காததால் போர்டு எழுதியவர் 'நடுவம்' என்பதைக் கீழே இறக்கி, 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்' என்பதற்குப் பக்கத்தில் எழுதிவிட்டார். ஊரில் எங்களுக்குக் கோதுமைக் கம்பெனி என்று பெயர். ரேஷன் கோதுமையைப் பையில் கட்டிக்கொண்டு வந்து, அரைக்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. சில நாள் அவர்கள் கேட்பதில்தான் நியாயம் இருப்பதாகத் தோன்றும். இத்தனை வருடத்தில் ஒரு சப்பாத்திக்கு ஆகிற மாவுகூட நாங்கள் யாருக்கும் கொடுத்ததில்லை.

கோதுமைக்கும் நூம்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்பார்கள். அதற்கு டைரக்டரிடம் பதில் தயாராக இருக்கும். வடக்கே வருடா வருடம் குளிர்காலம் சுருங்குகிறது. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வெயில் வந்து விழுகிறது. மணி உள்ளீடு இல்லாமல் சொங்கிப்போகிறது. நாளைக்கு அங்கே வரப்போகிற வெயில் இன்றைக்கே நம்மிடம் இருக்கிறது. எனவே நூம்பலில் பிழைக்கிற கோதுமை எங்கேயும் பிழைக்கும். கேட்க நன்றாக இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் குறித்துக்கொள்வார்கள்.

உள்ளே இரண்டு பெரிய அறைகள். ஒன்றில் ஏசி போட்டு வடநாட்டுக் குளிர்காலத்தை உண்டாக்கி வைத்திருக்கிறோம். ஜெனரேட்டர் உண்டு. நூம்பலில் கரண்ட் போனால் மனிதர்கள் விசிறிக்கொள்வார்கள், எங்கள் கோதுமைக்கு வேர்க்காது. வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஊட்டி என்று பெயர் வைத்தார்கள். இன்னொன்று சூட்டு அறை. கூரை, சுவர் எல்லாம் வெயிலை உள்ளே விடுகிற ஷீட். போதாததற்கு ஹீட்டரும் உண்டு. அதன் பெயர் அடுப்பு. இந்த இரண்டு பெயர்களைத் தவிர எங்கள் நடுவத்தில் பொருத்தமாக வைத்த பெயர் வேறெதுவும் இல்லை.

செடிக்கும் வெயிலுக்கும் உள்ள உறவைக் கொஞ்சம் சொல்லவேண்டும். வழக்குக்குத் தேவை.

வெயில் தாங்குவது ஒரே ஒரு மரபணுவின் வேலை இல்லை. அபார்ட்மெண்ட் அசோசியேஷன் மாதிரி. நிறையப் பேர் இருப்பார்கள். ஆளுக்குக் கொஞ்சம் செய்வார்கள். முழுப் பொறுப்பையும் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களில் உண்மையாக வேலை செய்கிறவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழில். தாங்குகிற ரகத்தையும் தாங்காத ரகத்தையும் ஒட்டிப் பிள்ளைச் செடிகளை நூற்றுக்கணக்கில் வளர்ப்போம். குடும்பம் குடும்பமாக ட்ரேயில் விதைப்போம். முளைத்ததும் இலையில் ஒரு துளி கிள்ளி, எந்தக் குடும்பத்தில் குரோமோசோமின் எந்தத் துண்டு இருக்கிறது என்று பார்த்துவைப்போம். பிறகு அடுப்பில் வைத்துச் சூடு கொடுப்போம். சனிக்கிழமை சூட்டை நிறுத்துவோம். திங்கட்கிழமை எந்தக் குடும்பத்தில் எத்தனை பிழைத்தது என்று எண்ணுவோம். பிழைத்தவர்களிடம் மட்டும் இருக்கிற துண்டு எதுவோ, அதில் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு விஷயம். செடிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு காட்டினால் அது தயாராகிவிடும். சூட்டில் குலைகிற புரதங்களைத் தாங்கிப் பிடிக்க வேறு சில புரதங்களை உள்ளேயே செய்துவைத்துக்கொள்ளும். அப்புறம் பெரிய சூடு வந்தாலும் ஒரு கை பார்க்கும். குளிரில் சொகுசாக வைத்திருந்து சட்டென்று சூட்டில் தள்ளினால் தயாராக அவகாசம் இருக்காது. அதனால் எங்களிடம் ஒரு விதி உண்டு. சோதனைக்குப் போகிற நாற்றை முதலில் ஊட்டியில் வைக்கவேண்டும். பழகின சூட்டை அது மறக்கவேண்டும். இதை எழுதிக்கொண்டீர்களா. நல்லது.

பத்து வருடத்துக்கும் மேல் ஒன்றும் கிடைக்கவில்லை, மேடம். ஒன்றுமே. இந்த வருடம் தாங்கிய குடும்பம் அடுத்த வருடம் சாகும். என்னோடு படித்தவர்கள் எங்கெங்கோ போய், கல்லூரி முதல்வராகி, பொன்னாடை போர்த்திக்கொண்டு நின்றார்கள். நான் செத்த நாற்றை எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டில் என் மனைவி, உங்கள் கோதுமையைவிட நம் பால்கனி கற்றாழை பரவாயில்லையே என்றாள். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

அப்புறம் நாற்பத்தேழாவது குடும்பம் வந்தது.

விருந்தினர் பார்க்கவென்று அந்த வருடம் கண்ணாடி வைத்த பக்கத்தில், முன்வரிசையில் இருந்த அந்த ட்ரே எப்போதும் நிறைந்திருந்தது. முதல் தடவை தற்செயல் என்று நினைத்தேன். அதே இடத்தில் வைத்து மறுபடி செய்தேன். அடுத்த வருடமும் செய்தேன். சுற்றிலும் எல்லாம் தீய்ந்து கிடக்கும், நாற்பத்தேழு மட்டும் பந்திக்கு உட்கார்ந்தமாதிரி வரிசையாக நிற்கும். அதனிடம் மூன்றாவது குரோமோசோமில் மற்றவற்றிடம் இல்லாத ஒரு துண்டு இருந்தது. டைரக்டர் என்னைக் கட்டிப்பிடித்தார். நாற்பத்தேழு என்கிற பெயரில் கம்பீரம் இல்லை என்று சொல்லி வெய்யோன் என்று பெயர் வைத்தார். அவரே வைத்ததாகப் பத்திரிகைக்கும் சொன்னார். வருகிற விருந்தினர்கள் கண்ணாடி வழியாகப் பார்க்க வசதியாக, வெய்யோன் ட்ரேக்களை இனியும் முன்வரிசையிலேயே வைக்கச் சொன்னார். ட்ரேக்களை ஒவ்வொரு தடவையும் இடம் மாற்றிக் கலைத்து வைக்கவேண்டும் என்பது பாலபாடம். நான் வைக்கவில்லை. டைரக்டருக்குக் கண்ணாடி வழியாகத் தெரியவேண்டும்.

இனி வேம்புலியம்மாள்.

நூம்பல் பழைய குடும்பம். நெல் நட்ட நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அவளுக்கு அறுபது இருக்கும். எங்கள் கேட் திறந்த நாளிலிருந்து இருப்பவள். அடுப்பில் தண்ணீர் ஊற்றுவதும் கழுவுவதும் அவள் பொறுப்பு. மற்ற பெண்கள் உள்ளே போனதும் தலை சுற்றுகிறது என்று வெளியே வருவார்கள். இவள் வெற்றிலையை அடக்கிக்கொண்டு, ஏதோ கல்யாணவீட்டுச் சமையலறைக்குப் போவதுபோல நாள் முழுக்க உள்ளே இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மற்ற எல்லோருக்கும் லீவு. அவள் ஒருத்திதான் தண்ணீர் ஊற்ற வருவாள். மகள் தாட்சாயிணி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் இருக்கிறாள்.

கோடைக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை. வெய்யோன் ட்ரேயில் சில நாற்றுகள் மட்டும் மற்றவற்றைவிடப் பசேலென்று இருந்தன. அடுப்பில் இருந்து வந்த நாற்றுக்கு இலை நுனியாவது கருகியிருக்கும். இவற்றில் அதுகூட இல்லை. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் குழாயைப் பிடித்தபடி அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"அது நான் வச்சது சாரு."

எது என்று கேட்டேன்.

"அந்த நாத்துதான். இங்க நாலஞ்சு செத்துப்போய் கெடந்துச்சு. ஊட்டியில மிச்சம் இருந்தத புடுங்கியாந்து நெரவி வுட்டேன்."

நெல் நட்ட வயலில் அப்படித்தான் செய்வார்களாம். நட்ட நாற்றில் செத்தது போக, இடைவெளி விழுந்த இடத்தில் மிச்ச நாற்றைக் கொண்டுவந்து நட்டு நிரவிவிடுவது. வழுக்கையாக விட்டால் நட்டவளுக்குத்தான் கெட்ட பெயர். எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"இந்தக் கண்ணாடி வச்ச நாள்லர்ந்துதான். ஞாயித்துக்கெழமைல வந்து வச்சிடுவேன். முன்னாடி வரிசைல மட்டும். பின்னாடி எவன் பாக்கறான்?"

நான் அங்கேயே ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். இலை கிள்ளியது செத்துப்போன நாற்றில். எண்ணியது அவள் நட்ட நாற்றை. மூன்றாவது குரோமோசோம் துண்டுக்கும் வெயிலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வெய்யோனின் ஒரே சிறப்பு, அது முன்வரிசையில் இருந்தது.

நான் கோபப்படவில்லை, மேடம். விளக்கமாக எடுத்துச் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சிரித்தாள்.

"அப்போ உன் கோதும தாங்கலியா? அடுப்புல வெந்தது நானு, பேரு அதுக்கா? என் பேர வெக்கச் சொல்லு சாரு அந்த டைரக்டர."

அவள் கிண்டல் செய்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அவள் சொன்ன இன்னொரு விஷயம்தான் சிக்கல். வெய்யோனை உலகுக்கு அறிமுகப்படுத்தும் விழாவில் டைரக்டர் ஓர் அங்கம் வைத்திருந்தார். களப்பணியாளர் குரல். கடைநிலை ஊழியர் ஒருவர் மேடை ஏறி இரண்டு நிமிடம் பேசுவார். அதற்கு வேம்புலியம்மாளைத் தேர்ந்தெடுத்திருந்தார். அவளும் பூந்தமல்லியில் புடவை எடுத்துவிட்டாள். வாட்ச்மேன் ஜஸ்டினை நாற்காலியில் உட்காரவைத்து, பெரியோர்களே என்று ஆரம்பித்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சின் சாரம் இவ்வளவுதான். கண்டுபிடித்தது டாக்டர்கள். நாற்றை நிரவியது நான்.

வேறு ஏதாவது பேசேன் என்றேன். டைரக்டரின் நல்ல குணத்தைப் பற்றிப் பேசலாமே என்றேன்.

"அதுக்குத்தான் மேடை முச்சூடும் ஆளு கீறாங்களே சாரு. இத்தினி வருசத்துல என்னை எவன் பேசச் சொன்னான்? நான் செஞ்சத நான் சொல்றேன். அதுல உனக்கு இன்னா?"

எனக்கு என்ன என்று அவளிடம் சொல்ல முடியவில்லை. சபையில் வெளிநாட்டுக்காரர்கள் இருப்பார்கள். மொழிபெயர்க்க ஆள் இருப்பார். என் துறையைச் சேர்ந்த, என்னைவிட வயதில் சின்னவர்கள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். நாற்றை மாற்றி நட்டேன் என்ற ஒரு வாக்கியம் போதும். அவர்கள் காப்பி குடிக்கும்போது சிரித்துக்கொள்வார்கள். வாழ்நாள் முழுக்க நான் அந்தக் காப்பிக்குப் பக்கத்திலேயே நிற்கவேண்டியிருக்கும்.

டைரக்டரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனேன். முதல் தடவை, குத்துவிளக்கை மின்சார விளக்காக வைத்தால் சுற்றுச்சூழலுக்கு நல்லதா என்று என்னிடம் ஆலோசனை கேட்டார். அரைமணி நேரம் அதைத்தான் பேசினோம். இரண்டாவது தடவை, வேம்புலியம்மாள் பேசவேண்டாம் என்று மட்டும் ஆரம்பித்தேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"வீரராகவன், அடித்தளத்தின் குரலை நசுக்காதீர்கள்."

என்னோடு பேசும்போதும் அவர் மைக்கில்தான் பேசுவார். திரும்பி வந்துவிட்டேன்.

கத்திரி வெயில் ஆரம்பிக்கிற நேரம். நான் வேம்புலியம்மாளை அடுப்பு வேலையிலிருந்து எடுத்து ஊட்டிக்கு மாற்றினேன்.

எல்லோருக்கும் மிகவும் சந்தோஷம். வயதானவள், இந்த வெயிலில் எத்தனை நாள்தான் அதற்குள் கிடப்பாள், இப்போதாவது ஒருவருக்குத் தோன்றியதே என்றார்கள். டைரக்டர் ஊழியர் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார். எத்தனையோ வருடத்தில் அந்த அறையில் எனக்காக எழுந்த முதல் கைதட்டல் அதுதான். வெயில் ஏறுவதற்கு முன்னால் அவள் வந்துவிடவேண்டும், வெயில் தாழ்ந்த பிறகுதான் கேட்டைத் தாண்டவேண்டும் என்று ஜஸ்டினிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். மத்தியானச் சாப்பாடும் தூக்கமும் ஊட்டியிலேயே. வெயில் அவள் கண்ணில்கூடப் படாமல் பார்த்துக்கொண்டேன்.

தாட்சாயிணி ஒரு நாள் வேலைக்குப் போகிற வழியில் கேட்டில் நின்று ஒரு டப்பாவைக் கொடுத்தாள். கேழ்வரகு அடை. முருங்கைக்கீரை போட்டது.

"அம்மா சாருக்குக் குடுக்கச் சொல்லுச்சு. நாலு நாளா நல்லா தூங்குது சார். மூஞ்சே தெளிஞ்சிடுச்சு."

அடை நன்றாக இருந்தது. டப்பாவைக் கழுவித்தான் திருப்பிக் கொடுத்தேன்.

வேம்புலியம்மாளுக்கு மட்டும் ஊட்டி பிடிக்கவில்லை. கை மரத்துப்போகிறது, காது அடைக்கிறது, வெற்றிலைகூட ருசிக்கவில்லை, என்னை அடுப்புக்கே அனுப்பு சாரு என்று தினமும் ஒரு தடவையாவது கேட்பாள். விழா முடியட்டும் என்றேன். மேடையில் பேசவேண்டிய ஆள், தொண்டை கெட்டுவிடும் என்றேன். ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தேன்.

இப்படி ஏறக்குறைய மூன்று வாரம். ராத்திரி அவள் படுத்தது ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில். அந்தச் சூட்டை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. என் சோதனையில் அது ஒரு குறைதான். ஒப்புக்கொள்கிறேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள், மேடம். பரவாயில்லை. மெதுவாக எழுதுங்கள்.

விழாவுக்கு முந்தின வாரம். முன்வரிசை ட்ரேக்களை நான் வழக்கத்தைவிட அதிக நாள் சூட்டில் வைத்திருந்தேன். வெய்யோன் முக்கால்வாசிக்குமேல் செத்திருந்தது. இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மற்ற பெண்களை அன்றைக்குப் பந்தல் வேலைக்கு அனுப்பியாயிற்று. உச்சிவெயில் நேரத்தில் ஊட்டிக்குப் போய், டைரக்டர் சாயங்காலம் விருந்தினர் இருவரோடு வருகிறார், முன்வரிசை வழுக்கையாகக் கிடக்கிறதே என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நிரவு என்று சொல்லவில்லை.

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நானு இல்லன்னா ஒண்ணும் நடக்காதே இங்க."

ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தாள். அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம் என்றுதான் சொல்லவேண்டும். மிச்ச நாற்று ட்ரேயை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்று நானே சொன்னேன். குடித்தாளா என்று கவனிக்கவில்லை.

அடுப்பின் கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் கிடையாது. உங்கள் ஆட்கள் வந்து பார்த்தார்கள். கதவு முழுக்கச் சாத்தியிருக்கவும் இல்லை. யாரும் அவளைப் பிடித்துத் தள்ளவில்லை. எந்த நிமிடமும் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் எனக்கு அவளைத் தெரியும். வரிசை முடியாமல் வரமாட்டாள். பாதியில் விட்டால் நட்டவளுக்குத்தான் கெட்ட பெயர்.

ஹீட்டரைப் பற்றிக் கேட்டீர்கள். அதிகமாக வைக்கவில்லை. கோதுமைக்கு வைக்கிற அளவுதான். தரையெல்லாம் நன்றாகத் தண்ணீர் அடித்து ஈரமாக வைத்திருந்தேன். ஈரமான சூட்டில் வேர்வை காயாது. வேர்வை காயாவிட்டால் உடம்பு ஆறாது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். சென்னையில் மே மாதம் பஸ்ஸில் போகிற யாருக்கும் தெரியும்.

நான் விருந்தினர் பார்க்கிற கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். முன்வரிசை என்பதால் நன்றாகத் தெரிந்தது. முதல் ட்ரேயை மளமளவென்று முடித்தாள். இரண்டாவதில் கை தடுமாறியது. ஒரு நாற்றை நட்டு, பிடுங்கி, அதே இடத்தில் மறுபடி நட்டாள். ஒரு தடவை நிமிர்ந்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து என்னைப் பார்த்தாள். இன்னும் ஒன்றுதான் என்று விரலைக் காட்டினாள்.

நான் தலையாட்டினேன்.

மேடம், இந்த வாக்குமூலத்தில் நான் செய்த காரியம் என்று ஏதாவது உண்டென்றால் அது இந்தத் தலையாட்டல்தான். மற்றதெல்லாம் அறை, சூடு, ஈரம், ஓர் அம்மாளின் பிடிவாதம்.

அவள் ட்ரேக்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்தாள். ஜஸ்டினை உடனே கூப்பிட்டீர்களா என்று கேட்டீர்கள். உடனே இல்லை. ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகியிருக்கும். குடித்தேன்.

ஜஸ்டின் அவளைத் தூக்கிக்கொண்டு ஊட்டிக்குத்தான் ஓடினான். தலையில் தண்ணீர் ஊற்றினான், அழுதான், ஆட்டோவுக்கு ஓடினான். அந்தக் களேபரத்தில் ஊட்டியில் இரண்டு நல்ல ட்ரேக்கள் கவிழ்ந்துபோயின. அதற்காக அவன்மேல் எனக்குக் கொஞ்ச நாள் வருத்தம் இருந்தது. இப்போது இல்லை. ஆஸ்பத்திரியில் அவளுக்கு நினைவு திரும்பவேயில்லை. வேர்க்காமல் உடம்பு கொதித்தது என்று டாக்டர் சொன்னார். கேட்டுக்கொண்டேன். நான் எதிர்பார்த்ததும் அதுதான்.

ஏன் வந்து சொல்கிறேன் என்பதுதான் உங்களுக்குப் புரியவில்லை, இல்லையா. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. தாட்சாயிணி என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவைக் கடைசிக் காலத்தில் நல்லா வச்சிக்கினீங்க சார் என்று அழுதாள். டைரக்டர் இரங்கல் குறிப்பில் என் கருணையைப் பற்றி ஒரு வரி சேர்த்தார். எனக்குத் தாங்கவில்லை, மேடம். இத்தனை வருடம் மரபணுவோடு மாரடித்ததில், நான் கணித்தபடியே கணித்த நேரத்தில் நடந்த சோதனை இது ஒன்றுதான். அதையும் கொண்டுபோய் வெயில் கணக்கில் எழுதிவிட்டார்கள். என் வேலைக்கு என் பெயர் எங்கேயும் இல்லை.

செய்தது நான்தான். தெரிந்துதான் செய்தேன். கோதுமையைக் காப்பாற்றத்தான் செய்தேன். நாளைக்குச் சோறில்லாமல் போகப்போகிற கோடிக்கணக்கான பேரை நினைத்துச் செய்தேன். அவர்களுக்கு விஞ்ஞானத்தின்மேல் நம்பிக்கை போய்விடக்கூடாது. அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். கொலையை முழுசாக எழுதிக்கொள்ளுங்கள். அந்த நாற்றை நிரவிய பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள். வெய்யோன் விதை அடுத்த விதைப்புப் பட்டத்துக்கு வடக்கே போகிறது. ஆராய்ச்சிப் பத்திரிகையில் கட்டுரை வரப்போகிறது. அதில் என் பெயர் இரண்டாவதாக இருக்கிறது. என்ன காரணத்துக்காகச் செய்தேன் என்ற இடத்தில் குடும்பத் தகராறு, முன்விரோதம், எது உங்களுக்கு வசதியோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

விழாவில் என்ன நடந்தது என்று கேட்டீர்கள். அதுதான் பாக்கி.

விழா தள்ளிப்போகவில்லை. சிறப்பு விருந்தினரின் தேதி மறுபடி கிடைக்காது. வேம்புலியம்மாளின் படத்துக்கு மாலை போட்டு மேடையின் ஓரத்தில் வைத்தார்கள். மின்சாரக் குத்துவிளக்கு எரியவில்லை, எரிந்ததாகப் பாவித்துக் கைதட்டினார்கள். களப்பணியாளர் குரல் என்று அறிவித்ததும் தாட்சாயிணி எழுந்தாள். அம்மாவின் புதுப்புடவையைக் கட்டியிருந்தாள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. டைரக்டர் அவள் வீட்டுக்கே போய் அழைத்திருக்கிறார். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போக வழியில்லை.

"பெரியோர்களே. எங்கம்மா இங்க வந்து பேசறதுக்கு வீட்ல தெனம் பேசிப் பேசிப் பாத்துச்சு. எனக்கு அது மனப்பாடம். அதையே சொல்றேன். இந்தக் கோதுமய கண்டுபுடிச்சது டாக்டருங்க. ஆனா முன்வரிசைல எது செத்தாலும் வேற நாத்து கொண்டாந்து நட்டு, எப்பவும் ரொம்பிக் கெடக்கற மாதிரி வச்சிக்கினது நானு. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நானு. அவ்ளோதான். நன்றி."

மொழிபெயர்ப்பாளர் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தார். வெளிநாட்டுக்காரர்கள் எழுந்து நின்றார்கள். இரண்டாவது வரிசையில் இருந்த என் துறைக்காரர்களும் எழுந்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டைரக்டர் மைக்கை வாங்கி, இதுதான் அர்ப்பணிப்பு என்றார். அரங்கம் முழுவதும் கைதட்டியது. நானும் தட்டினேன்.

அவளே பேசியிருந்தாலும் கைதட்டியிருப்பார்கள்.